மணிமேகலையில் அணுவும் ஊழும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களில் வைகாசித் திங்களில் நிகழும் கண்ணகை அம்மன் சடங்குகளிலே 'கண்ணகி வழக்குரை' பாடப்பெறுகின்றது. சிலப்பதிகாரக் கதை இவ்வாறு மக்கள் வழக்கிலே நிலைபெற, அதன் இரட்டைக் காப்பியமாகிய மணிமேகலை பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. எனினும், பொருள் எதனால் ஆனது என்ற வினாவுக்குப் பண்டைத் தமிழுலகு அறிந்திருந்த விடைகளை அதன் 27ஆம் காதையிலேயே நாம் காண்கின்றோம்.

அங்கு ஆசீவகன் கூறும் அணுக்கொள்கை தெளிவானது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்கள் தோற்றமற்றவை, பிளவுபடாதவை, ஒன்றனுள் ஒன்று புகாதவை. திரண்டபோதே அவை புலனாகும். மாலைப்போதில் ஒற்றை மயிர் தோன்றாது. மயிர்த்திரள் தோன்றும் என்பது அவன் காட்டும் உவமை.

அணு என்ற சொல்லைக் கண்டதும் இதனை முற்போக்குச் சிந்தனையெனத் தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் பேறும் இழப்பும், இன்பமும் துன்பமும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. எல்லாம் ஊழின் செயல் என்று அதே ஆசீவகன் முடிக்கின்றான். உலகம் அணுக்களால் ஆனது. அதை மாற்ற மனிதனால் இயலாது என்பதே இதன் சாரம். 1841இல் யேனாப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டிலே டெமொக்கிரிட்டசையும் எபிக்கூரசையும் கார்ல் மார்க்ஸ் வேறுபடுத்தியது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. இருவரும் அணுவாதிகளே. எனினும் நேர்கோட்டினின்று விலகும் எபிக்கூரசின் அணுவிலேயே அவர் விடுதலையின் தத்துவத்தைக் கண்டார்.

அக்காதையின் பூதவாதி வேறு வழியிற் செல்கின்றான். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடக் களிப்பு பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும். அவை பிரியப் பறையோசைபோல் அடங்கும் என்கின்றான். கூறுகளில் இல்லாத புதிய பண்பு கூட்டத்தில் தோன்றுமெனக் கொள்ளும் இக்கருத்தே இயங்கியலுக்கு அண்மையது. தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என மணிமேகலை அவனை மடக்குகின்றாள். அவ்வினா காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்வதைத் தாக்குகின்றதேயன்றி, உணர்வின் தோற்றம் பற்றிய அவன் கருத்தைத் தொடவில்லை. பௌத்தக் காப்பியம் அதனை மறுக்காமலே கடந்து சென்றுவிடுகின்றது.

பூதவாதியின் சான்றுகள் கள் வடிப்போரினதும் பறையறைவோரினதும் தொழிலிலிருந்து எடுக்கப்பட்டவை. வாவிக்கரை ஊர்களில் பறைமேளம் இன்றும் முழங்குகின்றது. அதை முழக்குவோர் சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட வரலாறும் நாம் அறிந்ததே. உழைப்போர் கைத்தொழில் தத்துவத்துக்கு உவமை தந்தது. தத்துவமோ எதிரணியின் நூலில் மட்டுமே எஞ்சியது. எனவே ஒரு கொள்கையில் அணு உண்டா எனக் கேட்பதோடு எமது திறனாய்வு அமைதல் ஆகாது. அக்கொள்கை மனித செயலுக்கு இடந்தருகின்றதா, அது யாருடைய அனுபவத்தில் வேரூன்றியது என்பனவும் ஆராயப்படல் வேண்டும்.