கூளையனும் செல்வனும்

உழைத்தால் உயரலாம் என்று உபதேசிக்கின்றனர், உயரத்திலேயே பிறந்தோர். அவர்க்கு நாம் நீட்டும் நூல், பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் அளித்த ‘கூளமாதாரி’. கொங்கு மண்ணின் கதை அது.

அருந்ததியச் சிறுவன் கூளையன், கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கிறான். பண்ணைக்காரர் மகன் செல்வனோ பள்ளியில் படிக்கிறான். இருவரும் தோழர்கள். அறிவிலா வேற்றுமை? அன்று! ஒருவனுக்கு வீடு தந்தது புத்தகம். மற்றவனுக்கு வீடு தந்தது மேய்ச்சற்கோல். இதனை முழக்கமின்றி, ஆட்டுப்பட்டியின் அன்றாட வாழ்வாலேயே உணர்த்துவது நாவலின் வெற்றி.

விடிவைக் காட்டவில்லையே எனச் சிலர் குறை கூறலாம். நோயைக் காட்டுவது நூலின் கடன்; மருந்து தேடுவது நம் கடன். 2009இல் தமிழகம் அருந்ததியர்க்கு அளித்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அம்மருந்தில் ஒரு துளி. 2024இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. சலுகை அன்று அது; காலந்தாழ்ந்து வந்த நீதி!

தோழர்களே, தகுதி பேசுவோர் கையில் இந்நூலைக் கொடுங்கள்!