டியா, கேயா?

இத்தாலிய மொழியில் ஒப்பிட 'பியூ' போதும். அடைமொழிக்கு முன்னால் வைத்தால் 'அதிகம்' ஆகிவிடும். போ ஆறு 652 கிலோமீட்டர், தைபர் 405. போ தைபரைவிட நீளம் என்பதை 'இல் போ எ பியூ லுங்கோ டெல் தேவெரே' என்பார்கள். இரண்டு பொருள்களை எடைபோடும்போது 'டி' வரும். 'இல்' என்ற சுட்டோடு சேர்ந்து அதுவே 'டெல்' ஆகிறது.

ஒரே ஆளின் இரண்டு குணங்களை எடைபோட்டால் 'கே'. 'மார்க்கோ எ பியூ ஃபுர்போ கே இன்டெலிஜென்டே': மார்க்கோவிடம் அறிவைவிடத் தந்திரம் அதிகம். போட்டி வெளியாளோடா, ஆளுக்குள்ளேயேவா என்பதை இந்தத் துண்டுச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஒப்பீடே வேண்டாம், சும்மா புகழ வேண்டுமா? 'பெல்லோ'வை (அழகான) 'பெல்லிஸிமோ' (மிக அழகான) ஆக்குங்கள். அதற்கு முன்னால் 'பியூ' மட்டும் போட்டுவிடாதீர்கள், இலக்கணம் ஏற்காது.