மகளின் 'நீ', மருமகளின் 'நீங்கள்'

யசுஜிரோ ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பற்றி நம்மவர்கள் பேசும்போது பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: பெற்ற பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள், மருமகள்தான் உத்தமி. ஒனொமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து முதிய தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். மருத்துவரான மூத்த மகனுக்கு நேரமில்லை. சிகையலங்கார நிலையம் நடத்தும் மகள் ஷிகேக்கும் நேரமில்லை. போரில் இறந்த இரண்டாவது மகனின் மனைவி நொரிகோதான் வேலைக்கு விடுப்பெடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். கதைச் சுருக்கத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரிதான். பாத்திரங்களின் பேச்சைக் கவனித்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஜப்பானிய மொழியில் மரியாதை முன்னிலைப் பெயரில் இல்லை. பெற்றோரை நீ என்றோ நீங்கள் என்றோ அவர்கள் சுட்டுவதில்லை. அம்மா, அப்பா என்றே பேசுகிறார்கள். மரியாதை வினைச்சொல்லில் இருக்கிறது. எதிரில் இருப்பவரை உயர்த்த ஒரு வகை, தன்னைத் தாழ்த்த ஒரு வகை, கேட்பவருக்குப் பொதுவான பணிவாக இன்னொரு வகை. முதலாவது நமக்குப் பழக்கமானது. தன்னைத் தாழ்த்தும் பேச்சு நம்மிடம் 'அடியேன்' என்பதோடு கோயிலுக்குள் தங்கிவிட்டது. ஆங்கில உபதலைப்பில் இவற்றில் எதுவுமே மிஞ்சுவதில்லை. ஷிகேயும் நொரிகோவும் ஒரே மொழி பேசுகிறவர்கள் போலத் தெரிகிறார்கள்.

உண்மையில் ஷிகே பெற்றோரிடம் வெறும் வினை முடிவுகளில், வீட்டுப் பேச்சாகப் பேசுகிறாள். நொரிகோ ஒவ்வொரு வாக்கியத்தையும் பணிவாக முடிக்கிறாள். முதல் சந்திப்பிலேயே பாய்விரிப்பில் கைகளை ஊன்றித் தலை தாழ்த்துகிறாள். தரையில் அமர்ந்தவரின் உயரத்தில் கமராவை வைப்பது ஓஸுவின் வழக்கம் என்பதால், அந்த வணக்கம் நம் கண்மட்டத்திலேயே நடக்கிறது. மாமாவும் மாமியும் பதிலுக்குக் குனிகிறார்கள். காலில் விழுந்து எழும் நம் வழக்கத்தில் பெரியவர் குனிவதில்லை. இங்கே இரு பக்கமும் குனிகிறது, இடைவெளியும் இரு பக்கமும் காக்கப்படுகிறது.

அந்த இடைவெளியைத்தான் நாம் அன்பு என்று வாசித்துவிடுகிறோம். நொரிகோவிடம் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. மாமி அவளுடைய சிறிய அறையில், இறந்த மகனின் படுக்கையில் தூங்கும் இரவு போதும் அதற்குச் சாட்சியாக. ஆனால் அவளுடைய பணிவு, தான் இரத்த உறவு அல்ல என்பதை அறிந்தவளின் பணிவும்கூட. ஷிகேக்கு அந்தக் கவனம் தேவையில்லை, அவள் மகள். வாடிக்கையாளர் ஒருவர் கேட்கும்போது பெற்றோரை ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறாள். அதை மன்னிக்க முடியாது. ஆனால் அம்மா இறந்ததும் குலுங்கி அழுகிறவளும் அவள்தான். அழுகை பொய்யில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் உடுப்புகளைத் தனக்கென்று கேட்பதும் பொய்யில்லை. செத்த வீட்டிலேயே சேலைக்கும் சங்கிலிக்கும் கதை தொடங்கும் குடும்பங்களை நாம் அறியாதவர்களா?

படத்தின் முடிவில் மாமனார், இறந்த மனைவியின் கடிகாரத்தை நொரிகோவுக்குக் கொடுத்து, மறுமணம் செய்துகொள்ளச் சொல்கிறார். அவர் அவளை 'அந்தா' என்று அழைக்கிறார். யாழ்ப்பாணத்தில் இளையவர்களைப் பரிவோடு அழைக்கும் 'நீர்' என்பதற்குப் பக்கத்தில் வரும் சொல் அது. அவளோ 'வதகுஷி' என்ற மிகப் பணிவான 'நான்' போட்டு, தன்னைக் கள்ளி என்கிறாள். கணவனை மறந்திருக்கும் நாட்கள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். எட்டு வருடம் காத்த பணிவான மொழியை அவள் அப்போதும் விடவில்லை. அதற்குள் நின்றே அந்தப் பணிவு தந்த நல்ல பெயரை மறுக்கிறாள். முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். இந்தக் காட்சியின் கனம் எனக்கு அந்த 'வதகுஷி'யில்தான் இருக்கிறது. உபதலைப்பு மட்டும் வாசிப்பவருக்கு அது கிடைக்காது.

இதைப் பதினாறு வயது மகளோடு இருந்து பார்த்தேன். இங்கே பிறந்தவள். தொலைபேசியில் அம்மம்மாவிடம் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பவள். 'நீங்கள்' சொல்லச் சொல்லி நான் பல தடவை அதட்டியிருக்கிறேன். பிறகு அவள் அம்மம்மாவோடு பேசுவதே குறைந்துவிட்டது. படம் முடிந்ததும், "ஷிகே பாவம், அவள் மட்டும்தான் நடிக்கவில்லை" என்றாள். முழுக்கச் சரியில்லை, நொரிகோவும் நடிக்கவில்லை. ஆனால் நான் அதுவரை பார்க்காத ஷிகேயை அவள் பார்த்திருந்தாள்.

மரியாதைச் சொற்கள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அவை இல்லாவிட்டால் அந்தக் கடைசிக் காட்சியே இல்லை. அடுத்த தலைமுறை 'நீங்கள்' சொல்வதில்லை என்று வருந்தும் நாம், அதை நொரிகோவின் மொழியாகக் கற்றுக்கொடுக்கிறோமா, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் மொழியாகவா என்று யோசிக்கலாம். அன்றிரவு மகள் ஊருக்கு அழைத்தாள். "நீ என்ன செய்யிறாய், அம்மம்மா?" என்றாள். நான் திருத்தவில்லை.