வெண்பாவும் அங்காடி அளவும்

கோட்டக்குப்பத்தினின்று எம் துறைக்குப் பயில வரும் முதுகலை மாணவர் ஒருவர் கணிப்பொறி விளையாட்டுகளில் நன்கு தோய்ந்தவர். 'வெண்பா' என்னும் விளையாட்டைப் பற்றி அவரை ஒருநாள் வினவினேன். "விளையாட்டு நன்றாகவே உள்ளது ஐயா, ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதனால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்றார். நன்று என்று தாமே ஒப்பிய ஒன்றை அவர் திருப்பித் தந்தது ஏன் என்னும் ஐயமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

'வெண்பா', கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 சூலை 31-இல் வெளியிட்ட விளையாட்டு. தமிழ்நாட்டினின்று கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரின் வாழ்க்கையை அது 1988 முதல் தொடர்ந்து காட்டுகின்றது. தாய்வீட்டுச் சமையற் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் உள்ளது. விடுபட்டவற்றை உய்த்துணர்ந்து சமைப்பதே ஆடுவோர்க்குரிய பணி. இட்டலித் தட்டுகளைக் குழிக்கு நேர் குழி வாராதவாறு மாற்றி அடுக்கினாலன்றி ஆவி பரவாது என்பது அக்குறிப்பேட்டின் முதற் புதிர். சிதைந்த சுவடியைப் பாடபேதம் நோக்கிச் செப்பஞ்செய்யும் பதிப்பாசிரியர் தொழிலும் ஏறக்குறைய இதுவே எனலாம். தாய் தமிழிற் பேச மகன் ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றான். கவின் என்னும் அழகிய பெயர் நண்பர்களிடையே 'கெவ்' எனக் குறுகுகின்றது. 2024-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டா முதற்படைப்புக்குரிய விருதினை இதற்கு அளித்தது.

இத்தகைய விளையாட்டுகள் விற்கும் அங்காடிகளுள் தலையாயது 'ஸ்டீம்'. வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கியது அது. வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருப்பின், காரணம் எதுவாயினும் பணத்தை மீட்டுக்கொள்ளலாம் என அது 2015-இல் விதி செய்தது. தொட்டும் முகர்ந்தும் பாராது வாங்கும் பொருளுக்கு இவ்விதி நேர்மையானதே. பழுதுற்ற பொருளை வாங்குவோர் தலையிற் கட்டுவதை அது தடுக்கின்றது. மாணவர் செய்ததும் விதிக்கு மாறன்று. ஆயினும் ஈண்டு ஒரு திரிபு நேர்கின்றது. பழுதறிவதற்கு வைத்த நாழிகை, நாளடைவில் மதிப்பறியும் நாழிகையாகிவிடுகின்றது. அவ்வங்காடியில் ஒருவர் எழுதும் மதிப்புரையின் தலைப்பிலேயே அவர் ஆடிய மணிக்கணக்குப் பொறிக்கப்படுகின்றது. 'வெண்பா' குறித்துப் பலர் கூறிய குறையும் விலைக்கேற்ற நீளம் இல்லை என்பதே. இதனால் விளையும் கேடு கற்பனையன்று. 'சம்மர் ஆஃப் 58' என்னும் சிறு விளையாட்டை இயற்றியவர், அதனை ஆடி முடித்த பின்னர்ப் பலர் பணத்தை மீட்டுக்கொண்டமையால் இத்தொழிலையே விட்டு விலகுவதாக 2021-இல் அறிவித்தார்.

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகள் முப்பத்து நான்கனுள் 'அளவு' என்பதனையும் ஒன்றாக வைத்தார். ஆசிரியப்பாவிற்கு மூன்றடி முதல் ஆயிரம் அடி வரை இடந்தந்தவர், நெடுவெண்பாட்டினைப் பன்னீரடியில் நிறுத்தினார். குறுவெண்பாட்டிற்கு எழுசீரே போதும் என்றார். அளவு என்பது பாவின் இயல்பினின்று பிறப்பது. கேட்போர் தந்த பொருளினின்று பிறப்பதன்று. எழுசீரில் முடிந்தது என்று குறளைத் திருப்பித் தந்தார் எவருமிலர். இதனை நான் கூறியபோது மாணவர், "குறளைப் படிக்க ஒரு நாள் உணவுச் செலவை விடவேண்டியதில்லையே!" என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. விலை மிகுதி என்பது நேரிய குறையே. ஆயின் அது விலையின்மேற் செல்லும் குறை, படைப்பின்மேற் செல்வதன்று.

படைப்பின்மேற் செல்லும் குறையை ஆராயவும் நம்மிடம் கருவி உண்டு. நூற்குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் இரண்டையும் இலக்கணநூலார் அருகருகே வைத்தனர். மணிக்கணக்கு முன்னதை ஒருவாறு ஐயுறுமேயன்றிப் பின்னதைக் காணவே காணாது. நாற்பது மணி நேரம் வீணே அலைக்கும் விளையாட்டு அதனிடம் தப்பிவிடும். 'வெண்பா'வில் மிகை இல்லை. பல உணவுகளைச் சமைத்துப் பரப்பி மகன் வரவை நோக்கித் தாய் காத்திருக்கும் பகுதி, இன்னும் ஒரு காட்சி நீண்டிருப்பினும் கெட்டிருக்கும். குன்றக் கூறல் ஓரிடத்து உண்டு என்பேன். அது பாவலனைப் பற்றியது. வேற்று நாட்டில் வேலை தேடி அவன் உற்ற இடர்கள் சில உரையாடல்களில் அடங்கிவிடுகின்றன. அடுப்படியே களமாதலின் அவன் எப்பொழுதும் வாயிற்புறத்தினின்று வருபவனாகவும், வாயிற்புறம் செல்பவனாகவுமே இருக்கின்றான். கோட்டக்குப்பத்திலும் அதனை அடுத்த புதுச்சேரியிலும் தந்தையர் கடல் கடந்து சென்ற குடும்பங்கள் பல. அவ்வூர் மாணவர் இக்குறையைக் கூறியிருப்பின் நான் மறுத்திரேன். வினவியபோது அவர் சற்று நேரம் எண்ணி, "ஆமாம், அப்பாவுக்கு ஒரு சமையல்கூடத் தரவில்லை" என்றார்.