வராத மனிதனுக்குத் தடை

அமீர் முகமட் இயக்கிய 'லெலாகி கொமுனிஸ் தெராக்கிர்' படத்துக்கு 'கடைசி கம்யூனிஸ்ட்' என்று பொருள். அந்தக் கம்யூனிஸ்ட் படத்தில் வரவே மாட்டார். சின் பெங் பிறந்த சித்தியவானில் தொடங்கும் கேமரா, அவர் வாழ்ந்த ஊர்கள் வழியாகத் தென் தாய்லாந்துவரை போகிறது. ஊர்க்காரர்கள் தங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுநடுவே அரசாங்கப் பிரசாரத்தைக் கிண்டலடிக்கிற மாதிரி பாட்டுகள். அவ்வளவுதான்.

2006இல் தணிக்கை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. ஒரு மலாய் நாளிதழ் எதிர்த்து எழுதியதும் உள்துறை அமைச்சு தடை போட்டது. பிறகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இதில் தடை செய்ய என்ன இருக்கிறது என்று அவர்களில் சிலரே கேட்டார்கள். தடை மட்டும் நீங்கவில்லை.

1947இல் ஹாலிவுட்காரர்களைக் கூண்டில் ஏற்றிய அமெரிக்க விசாரணைக் குழுவுக்குக் கேள்வி கேட்க ஓர் ஆளாவது வேண்டியிருந்தது. நமக்கு அதுகூட வேண்டாம். ஒரு சட்டை போதும். 2011 ஜூனில் மலேசிய சோஷலிசக் கட்சியினர் பேருந்தில் பினாங்குக்கு வந்தபோது கெப்பாளா பத்தாஸில் பிடிக்கப்பட்டார்கள். பேருந்தில் கிடைத்த சட்டைகளில் சின் பெங், ரஷிட் மைடின், சூரியானி அப்துல்லா முகங்கள். மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கிறார்களாம்! கம்யூனிஸ்டுகள் 1989லேயே ஹாட்யாயில் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயகுமார், சரஸ்வதி உட்பட ஆறு பேர் விசாரணையே இல்லாமல் ஜூலை 29வரை உள்ளே இருந்தார்கள். 2019இல் ஜார்ஜ்டவுனின் ஆசிய காமிக் அருங்காட்சியகம் வெளியிட்ட சித்திரக்கதைக்கும் அதே காரணத்தில் தடை.

இந்தப் பயத்தை நோண்டிப் பார்க்கிற இடத்தில் அமீரின் கேலி நன்றாக வேலை செய்கிறது. வெற்றிடத்தைக் காட்டுகிறார், அரசாங்கம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தே மிரள்கிறது. ஆனால் செத்தவர்கள் பக்கம் திரும்பினால் இந்தத் தொனி போதாது. எஸ். ஏ. கணபதியை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்க்காரர், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, சம்மேளனம் தடை செய்யப்பட்டது. துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேரு அரசு கேட்டும் நடக்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் எழுத்தின் மீது எனக்குள்ள புகாரும் இங்கேதான் இருக்கிறது. சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் நாவல் எழுதினார், அ. ரெங்கசாமி எழுதினார். நல்ல காரியம், வாசித்து அழுதோம். அந்தக் கதையில் தமிழன் வெறும் பலியாள். அவனுக்காக அழுதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கணபதி கையில் துப்பாக்கி இருந்தது. சங்கம் கட்டினார், கூலி கேட்டார், வேலைநிறுத்தம் செய்தார். அவருக்காக அழ வேண்டுமென்றால் முதலில் ஒரு பக்கம் சாய வேண்டும். நாம் சாயத் தயங்குகிறோம். கங்காணியையும் கள்ளுக்கடையையும் நூறு முறை எழுதுவோம், சங்கக் கூட்டத்தை ஒரு பத்தியில் தாண்டிவிடுவோம்.

பிரிட்டிஷ்காரன் காட்டில் இருந்தவர்களை முதலில் 'கொள்ளைக்காரர்கள்' என்றான், 1952இல் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்' என்று மாற்றினான். போர் என்ற சொல்லை மட்டும் தொடவில்லை. சொன்னால் தோட்டங்களுக்கு லண்டன் காப்புறுதி கிடைக்காது என்பார்கள். நாமும் இன்றுவரை 'அவசரகாலம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கட்டுரையில் நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன், வேறு சொல் கைவசம் இல்லை.