விருப்பப் பட்டியலில் யாருடைய விருப்பம்?

தலித் பிள்ளைகளின் வாழ்க்கையை இன்றைக்கு அதிகம் தீர்மானிக்கிற தமிழ்நாட்டுப் பிரதி எது என்று யாராவது கேட்டால், நான் எந்தக் கவிதையையும் நாவலையும் சொல்ல மாட்டேன். பொறியியல் சேர்க்கைக்கு அரசு வெளியிடும் வழிகாட்டிக் கையேட்டைச் சொல்வேன். எந்தப் பிரதியும் தன் வாசகன் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் பேசுகிறது. இந்தக் கையேடு யாரை வாசகனாக வைத்துப் பேசுகிறது? இதைக் கேட்பதும் விமர்சனத்தின் வேலைதான்.

முதலில் அது சொல்வதைப் பார்ப்போம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. 2018இலிருந்து கலந்தாய்வு இணையத்துக்குப் போய்விட்டது. நூறு இடத்தில் பொதுப் பிரிவுக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. நம்ம பிள்ளைகளுக்கு இரண்டு தரவரிசை எண் வரும்: ஒன்று பொது, ஒன்று சமூகம். இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு "நமக்கு ஒதுக்கினது அவ்ளோதான்" என்று மூடி வைப்பவர்கள் நிறையப் பேர். அந்த 31 எந்தச் சாதிக்கும் எழுதி வைத்த சொத்து இல்லை. அதில் எல்லோருக்கும் போட்டியிட உரிமை உண்டு, நமக்கும் உண்டு.

அடுத்து வருவது விருப்பப் பட்டியல். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப் பிரிவு என்று மாணவர் வரிசையாக எழுத வேண்டும். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து படிக்கும். முதல் விருப்பத்தில் பொது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் சமூக இடம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அடுத்த விருப்பம். முதலிடத்தில் கிண்டியைக் கேட்டதற்காகப் பத்தாம் இடத்தில் கேட்ட கல்லூரி கைவிட்டுப் போகாது. பெரிசாகக் கேட்பதற்கு இங்கே தண்டனை கிடையாது. பட்டியல் குட்டையாக இருந்தால்தான் ஆபத்து; எழுதியது எதுவும் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான்.

இந்த எளிய விஷயம் நம் காலனிகளுக்குள் வந்து சேரவில்லை. கோடையில் எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். 170க்கு மேல் கட்-ஆஃப் வாங்கிய ஒரு பெண் மூன்றே கல்லூரி எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றும் அவள் ஊருக்கு வருகிற ஒரே பஸ் போகும் வழியில் இருப்பவை. "ஏம்மா, அரசுக் கல்லூரி ஒண்ணுகூட இல்லையே?" என்றேன். "பெருசா கேட்டா இருக்கறதும் போயிடும்ணா, நெட் சென்டர்ல சொன்னாங்க" என்றாள். உட்கார்ந்து அறுபது விருப்பம் எழுதினோம். அவள் கொண்டுவந்த மூன்றுக்கும் மேலே எழுதிய ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

"பெருசா கேட்டா இருக்கறதும் போயிடும்" என்ற அந்த வாக்கியத்தை நெட் சென்டர்காரர் கண்டுபிடிக்கவில்லை. கூலி உயர்த்திக் கேட்டபோது நம் பாட்டன்களுக்குச் சொல்லப்பட்டதும், பொதுக் கிணற்றில் தண்ணீர் கேட்டபோது சொல்லப்பட்டதும் அதேதான். ஊர் வாயால் சொன்னதை இப்போது நம் பிள்ளை தன் கையாலேயே எழுதிக்கொள்கிறது. அதற்குக் கையேடு வைத்திருக்கும் பெயர் "விருப்பம்"!

கையேடு மனதில் வைத்திருக்கும் வாசகர் வேறு. அவர் வீட்டில் அண்ணன் ஐ.டி. கம்பெனியில் இருப்பார். எந்தக் கல்லூரி எந்தச் சமூகத்துக்கு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று மாமா சொல்வார். ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, மறுத்து அடுத்த சுற்றுக்குப் போவதா என்று கெடுவுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இடம் போச்சு. அந்த வீட்டில் இதை நாலு பேர் கூடிப் பேசுவார்கள். நம் வீட்டில் அம்மா களை எடுக்கப் போயிருப்பாள், போனில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும்.

அந்த வெற்றிடத்தில்தான் புரோக்கர் நுழைகிறான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் 92ஆம் எண் அரசாணை 2012இல் வந்தது, போராடிக் கிடைத்த உரிமை. சில தனியார் கல்லூரிகளின் ஆட்கள் அதையே தங்கள் கொடை மாதிரிச் சொல்லி, "ஃப்ரீ சீட்டு, ஃப்ரீ ஹாஸ்டல்" என்று அசல் சான்றிதழ்களை வாங்கிப் போய்விடுகிறார்கள். கலந்தாய்வுக்கு முன்பே அந்தப் பிள்ளையின் விருப்பம் விற்றாகிவிட்டது.

"அதான் இட ஒதுக்கீடு இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வரலாறு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையில் 14 இடத்துக்கு இரண்டு நமக்கு இருந்தது; பிராமணர்களுக்கும் இரண்டு. அதை எதிர்த்து மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. இருந்தும் 1951இல் உச்சநீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தைத் திருத்தி 15(4)ஐச் சேர்க்க வேண்டியதாயிற்று. விண்ணப்பிக்காத ஒருவருடைய விருப்பத்தை உச்சநீதிமன்றம் வரை கேட்டார்கள். காலனிப் பெண் எழுதாமல் விட்ட விருப்பத்தை எந்தக் கணினியும் கேட்காது.

சட்டம் இடத்தை ஒதுக்கும். அந்த இடத்தை விரும்பும் துணிச்சலை அது ஒதுக்காது, அதை நாம்தான் கொடுக்க வேண்டும். இதழ் படிக்கும் மாணவத் தோழர்கள் முடிவு வெளியாகும் மாதத்தில் ஒரு பதினைந்து நாள் தங்கள் காலனியில் உட்காருங்கள். சென்ற ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியலைச் சமூகவாரியாக எடுத்து இரவுப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்க விடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளிடம் 2021இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் அது உண்டு. பட்டியலின் முதல் வரியில் கிடைக்குமோ என்று பயப்படுகிற கல்லூரியையே எழுதச் சொல்லுங்கள்.