பூனை மட்டும் விற்பனைக்கு இல்லை

1905-ம் வருஷம். நியூயார்க் பத்திரிகை ஒன்றில் 'காணவில்லை' விளம்பரம். காணாமல் போனது ஒரு பூனை. நல்ல கறுப்பு, மெத்தென்ற ரோமம், மார்பில் மட்டும் லேசாக வெள்ளை, சாதாரண வெளிச்சத்தில் கண்ணில் படுவது கஷ்டம் என்று அங்க அடையாளங்கள். கண்டுபிடித்துக் கொடுத்தால் 5 டாலர்.

பூனை சில நாளில் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கப்புறமும் ஜனங்கள் பூனையும் கையுமாக வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பூனை ஒரு சாக்கு. விளம்பரம் கொடுத்த ஆசாமியைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஆசாமியின் பெயர் மார்க் ட்வைன்.

தொலைந்த பூனைக்குக் கொடுத்த விளம்பரம்கூடத் தனக்கே விளம்பரமாகிப் போகிற யோகம் எத்தனை எழுத்தாளருக்கு வாய்க்கும்?

இந்தக் காலத்தில் இது யோகம் இல்லை ஸார், சிலபஸ். 2007-ல் அமேஸானின் கிண்டில் வந்து, யார் வேண்டுமானாலும் தன் புத்தகத்தைத் தானே வெளியிடலாம் என்று ஆனதிலிருந்து, எழுதக் கற்றுத் தருகிறவர்களைவிட விற்கக் கற்றுத் தருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்களையே ஒரு பிராண்டாக ஆக்குங்கள். வாசகர் உங்கள் கதையை வாங்கவில்லை, உங்களை வாங்குகிறார். வீட்டில் பூனை இருக்கிறதா? விடாதீர்கள், போட்டோ எடுத்துப் போடுங்கள். அமெரிக்காவில் பூனை வரும் துப்பறியும் நாவல்கள் ஒரு தனி ரகமாகவே ஓடுகின்றன. ரீட்டா மே பிரவுன் என்ற நாவலாசிரியை 1990-ல் தன் பூனையின் பெயரை இணை ஆசிரியராகவே அட்டையில் போட்டு ஒரு வரிசையை ஆரம்பித்தார். நன்றாகவே விற்றது.

இப்படி ஆலோசனை சொல்கிறவர்கள் அடிக்கடி சாட்சிக்குக் கூப்பிடுகிற ஆள், நம் மார்க் ட்வைன். 'அவரே சொந்தப் பதிப்பகம் வைத்துத்தானே புத்தகம் போட்டார்?'

வாஸ்தவம்தான். ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொன்னால் வகுப்புக்கு ஆள் வராது.

ட்வைன் காலத்து அமெரிக்காவில் புத்தகம் விற்க ஒரு தனி வழி இருந்தது. சந்தா முறை. புத்தகம் அச்சாவதற்கு முன்பே ஏஜெண்டுகள் ஒரு மாதிரிப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகப் போவார்கள். அதில் சில பக்கங்கள், சில படங்கள், துணி பைண்டிங், தோல் பைண்டிங் சாம்பிள், பின்னால் பெயர் எழுதிக்கொள்ள வெற்றுத்தாள். கையெழுத்துப் போட்டால் ஆர்டர். 1869-ல் வந்த ட்வைனின் முதல் பெரிய வெற்றி, 'இன்னொசென்ட்ஸ் அப்ராட்', இப்படி விற்றதுதான். அதை வெளியிட்டது ஹார்ட்ஃபோர்டில் இருந்த அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி. போகப் போக ட்வைனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உழைப்பு என்னுடையது, லாபம் அவனுக்கா?

உலகத்தில் எழுத்தாளர்களுக்குத் தோன்றும் மிகப் பழைய சந்தேகம் இது. ட்வைன் அதைச் செயலிலும் காட்டினார். 1884-ல் சொந்தப் பதிப்பகம். அக்கா மகளின் கணவர் சார்லஸ் வெப்ஸ்டர்தான் மேனேஜர். அவர் பெயரிலேயே 'சார்லஸ் எல். வெப்ஸ்டர் அண்ட் கம்பெனி'. முதலும் அதிகாரமும் ட்வைனுடையது. முதல் சரக்கு, 'ஹக்கிள்பெரி ஃபின்'.

அதை அவர் விற்ற விதத்தை இன்றைக்கும் மார்க்கெட்டிங் வகுப்பில் பாடமாக வைக்கலாம். 40,000 பிரதிக்கு முன்கூட்டியே ஆர்டர் சேராமல் புத்தகத்தை வெளியே விடக்கூடாது என்று வெப்ஸ்டருக்குக் கண்டிப்பான உத்தரவு. 'செஞ்சுரி' பத்திரிகையில் சில பகுதிகள் முன்னோட்டம். ஜார்ஜ் கேபிள் என்ற இன்னொரு எழுத்தாளரையும் சேர்த்துக்கொண்டு நவம்பர் 1884-லிருந்து பிப்ரவரி 1885 வரை ஊர் ஊராக மேடையேறி, வரப்போகும் நாவலிலிருந்தே வாசித்துக் காட்டினார். இதெல்லாம் போதாதென்று, புத்தகத்தின் முன்பக்கத்தில் தன்னுடைய மார்பளவுச் சிலையின் போட்டோவைச் சேர்த்தார். கதை சொல்வது எழுத்து வாசனை அதிகமில்லாத ஒரு பொடியன். புத்தகத்தைத் திறந்தால் ரோமாபுரிச் சக்கரவர்த்தி மாதிரி ஆசிரியர்!

நடுவில் ஒரு விபத்து. யாரோ ஒரு விஷமி ஒரு படத்தின் அச்சுத் தகட்டில் ஆபாசமாகக் கைவைத்துவிட்டான். நல்லவேளை, விற்பனைக்குப் போகும் முன்பே கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை மாற்றினார்கள். ஆனால் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சீசன் போயே போச்சு. பிப்ரவரி 1885-ல்தான் புத்தகம் வந்தது. அடுத்த மாதமே கான்கார்ட் நகரப் பொது நூலகம், இது பிள்ளைகள் படிக்க லாயக்கில்லை என்று தள்ளிவைத்தது. வேறு யாராவது என்றால் இடிந்து போயிருப்பார்கள். ட்வைன், இதனால் மட்டும் இன்னும் 25,000 பிரதி விற்கும் என்று வெப்ஸ்டருக்கு எழுதினார். ஆளுக்கு விற்பனை ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

சரி, பதிப்பாளர் ட்வைன் ஜெயித்தார். எழுத்தாளர் ட்வைனுக்கு என்ன கிடைத்தது? என் விமரிசனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

'ஹக்கிள்பெரி ஃபின்' கதையில் ஒரு ராத்திரி ஹக் ஆற்றில் நீந்திப் போய் ஒரு பெரிய தெப்பத்தில் ஒளிந்துகொள்கிறான். கெய்ரோ என்ற ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று தெப்பக்காரர்கள் பேச்சிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பு. கெய்ரோ சும்மா ஒரு ஊர் இல்லை. அங்கிருந்து ஒஹையோ ஆற்றில் திரும்பி மேலே போய்விட்டால், கூட வரும் அடிமை ஜிம்முக்கு விடுதலை. தாண்டிவிட்டால் தெற்கே அடிமைச் சந்தைதான். அந்தத் தெப்பத்தில் நடக்கும் வாய்ச்சண்டை, ஜம்பம், பேய்க்கதை எல்லாமே ட்வைன் எழுத்தின் உச்சம்.

அந்தப் பகுதி 1885-ல் வந்த புத்தகத்தில் கிடையாது. ஏற்கெனவே 1883-ல் 'லைஃப் ஆன் தி மிஸிஸிப்பி' புத்தகத்தில் அதை மாதிரிக்காக எடுத்துப் போட்டிருந்தார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 'டாம் சாயர்' புத்தகத்தோடு இதையும் ஜோடியாக விற்கும் யோசனை. இது கொஞ்சம் குண்டாக இருக்கிறதே, அந்தத் தெப்பப் பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டார் வெப்ஸ்டர். தாராளமாக என்று சொல்லிவிட்டார் ட்வைன்.

கவனியுங்கள். வெட்டச் சொன்னது யாரோ ஒரு கொடுமைக்கார முதலாளி இல்லை. இவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மேனேஜர். சரி என்றவர் இவரேதான். வெளியார் கம்பெனியாக இருந்திருந்தால் ஆசிரியர் சண்டைக்காவது போயிருப்பார். சொந்தக் கம்பெனியில் யாரோடு சண்டை போடுவது? அந்தப் பகுதியைச் சேர்க்கலாமா கூடாதா என்று அறிஞர்கள் வெகுகாலம் விவாதித்து, 1985-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பில் அது திரும்பவும் கதைக்குள் வந்தது. நூறு வருஷம் ஆயிற்று.

சொந்தப் பதிப்பு என்றால் சுதந்திரம் என்கிறார்கள். எடிட்டர் தொல்லை இல்லை என்பது சரி. அந்தக் காலி நாற்காலியில் வந்து உட்கார்கிறவன் சேல்ஸ் மேனேஜர். அவன் உங்கள் குரலிலேயே பேசுவான் என்பதுதான் ஆபத்து.

அடுத்து நடந்தது ஜாக்பாட். முன்னாள் ஜனாதிபதி கிரான்ட், தொண்டைப் புற்றுநோயோடு போராடியபடி தன் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். கையில் காசில்லை. வேறொரு கம்பெனி 10 சதவீத ராயல்டி பேசிக்கொண்டிருந்தபோது ட்வைன் உள்ளே புகுந்து, நிகர லாபத்தில் 70 சதவீதம் என்றார். கிரான்ட் எழுதி முடித்துச் சில நாளில், ஜூலை 1885-ல் இறந்துபோனார். புத்தகம் 3 லட்சம் செட்டுக்கு மேல் விற்றது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட பழைய சிப்பாய்களையே ஏஜெண்டாகப் போட்டு, தளபதியின் புத்தகத்தை விற்கவைத்தார்கள். யார் மறுப்பார்கள்? கிரான்ட்டின் மனைவிக்குப் போன முதல் காசோலை மட்டும் 2 லட்சம் டாலர். சும்மா சொல்லக்கூடாது, வார்த்தை தவறாத பதிப்பாளர்.

கெட்டதும் இந்த வெற்றியால்தான். நம்மால் எதையும் விற்க முடியும் என்ற நினைப்பு வந்துவிட்டது. அடுத்து போப் பதின்மூன்றாம் லியோவின் வாழ்க்கை வரலாறு. உலகத்தில் கத்தோலிக்கர் எத்தனை கோடி! ஆளுக்கு ஒன்று வாங்கினால்? வாங்கவில்லை. நடுவில் கணக்கர் ஒருவர் 25,000 டாலரைச் சுருட்டினார். அப்புறம் வந்தது 'அமெரிக்க இலக்கியக் களஞ்சியம்'. 11 தொகுதிகள். தவணை முறையில் விற்பனை.

பி.காம். படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்பது அக்கவுண்டன்ஸியின் அரிச்சுவடி. ஒரு பேச்சுக்கு, ஒரு செட்டின் விலை 30 ரூபாய், மாதத் தவணை 3 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கூலி, பைண்டிங், ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் சேர்த்து 20 ரூபாயை முதலிலேயே கொடுத்தாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 10 ரூபாய் லாபம். கல்லாவில் முதல் மாதம் 17 ரூபாய் துண்டு விழும். நூறு செட் விற்றால் துண்டு 1,700. ஆயிரம் விற்றால் 17,000. விற்க விற்கக் கடன்! சரக்கு போகாமல் மூழ்கிய கடைகளைப் பார்த்திருப்பீர்கள். இது சரக்கு நன்றாகப் போனதால் மூழ்கிய கடை.

போதாக்குறைக்கு, பெய்ஜ் என்பவர் செய்துகொண்டிருந்த அச்சுக்கோக்கும் மெஷினில் ட்வைன் லட்சக்கணக்கான டாலரைக் கொட்டியிருந்தார். மெஷின் சரியாக ஓடவே இல்லை. 1893-ல் அமெரிக்கா முழுக்கப் பொருளாதார நெருக்கடி. வங்கிகள் கையை விரித்தன. ஏப்ரல் 1894-ல் வெப்ஸ்டர் கம்பெனி திவால்.

ஸ்டாண்டர்ட் ஆயில் அதிபர்களில் ஒருவரான ஹென்றி ரோஜர்ஸ் பார்த்துப் பேசி நிலைமையை ஓரளவு சமாளித்துக் கொடுத்தார். கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ட்வைன் மொத்தத்தையும் திருப்பித் தருவேன் என்றார். கிட்டத்தட்ட 60 வயதில், 1895-ல், உலகம் சுற்றிச் சொற்பொழிவுக்குக் கிளம்பினார். அந்தக் கடன்தான் அவரை நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்தது. 1896-ல் பம்பாய், காசி, கல்கத்தா, டார்ஜிலிங் என்று சுற்றிவிட்டு, மார்ச் கடைசியில் கப்பலேறி, சென்னையில் ஒரு நாள் நின்று இலங்கைக்குப் போனார். அந்தப் பயணம் முடிந்த கையோடு, ஆகஸ்ட் 1896-ல், ஊரில் விட்டுவந்த மூத்த மகள் சூஸி மூளைக் காய்ச்சலில் இறந்துபோனாள். அப்பா இங்கிலாந்தில் இருந்தார்.

அந்தத் துக்கத்தோடு எழுதிய புத்தகம்தான் 1897-ல் வந்த 'ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்'. வெளியிட்டது யார் தெரியுமா? லாபத்தைத் தின்கிறான் என்று விட்டுவிட்டு வந்தாரே, அதே அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி!

படித்துப் பாருங்கள். பம்பாயில் இறங்கும் பக்கங்களில் பழைய ட்வைன் அப்படியே இருக்கிறார். காசி அத்தியாயங்கள் இன்றைக்கும் சிரிக்கவைக்கும், கொஞ்சம் கோபமும் வரவைக்கும். ஆனால் பக்கம் பக்கமாக மற்றவர் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். கொள்ளைக்காரத் தக்கர்களைப் பற்றி ஸ்லீமன் எழுதியதை அள்ளி அள்ளிப் போடுகிறார். சந்தாப் புத்தகம் கனமாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் எடை பார்ப்பார். ஹக்கில் தசையை வெட்டியவர், இதில் பஞ்சு வைத்து அடைத்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான், புத்தகத்தின் பருமன். சென்னைக்குக் கிடைத்தது அரை வாக்கியம்.

1898-ல் கடன் முழுக்க அடைந்தது. அந்த நாணயத்துக்கு ஒரு சலாம். ஆனால் தப்பு யாருடையது என்ற பஞ்சாயத்தில் அவ்வளவு நாணயம் இல்லை. சுயசரிதையில் எல்லாப் பழியையும் வெப்ஸ்டர் தலையில் போட்டார். அந்த மனிதர் உடம்பு கெட்டு 1888-லேயே கம்பெனியை விட்டு விலகி, 1891-ல் செத்தும் போயிருந்தார். 1946-ல் அவருடைய மகன், ட்வைன் எழுதிய கடிதங்களையே கோத்து 'மார்க் ட்வைன், பிஸினஸ் மேன்' என்று பதில் புத்தகம் போட்டார். அதைப் படித்தால் புரியும்: எந்த முடிவிலும் முதலாளியின் கை இல்லாமல் இல்லை.

எழுதுவது, விற்பது, வியாபாரம் செய்வது மூன்றும் மூன்று வேலை. ட்வைனுக்கு முதல் இரண்டும் வரப்பிரசாதம். இரண்டாவது வந்ததால் மூன்றாவதும் வரும் என்று நம்பினார். தன் புத்தகத்தைத் தானே போடுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எத்தனை பேர் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது அல்ல. எத்தனை மாதம் என் காசு வெளியே நிற்கலாம் என்பது. அதைவிட முக்கியம், எதை விற்கமாட்டேன் என்பது.

ட்வைனிடம் அப்படி ஏதாவது இருந்ததா? பூனைகள் இருந்தன. கோடைக்காலப் பண்ணை வீட்டில் அப்போலினாரிஸ், ஜொராஸ்டர், பிளாதர்ஸ்கைட் என்று வாயில் நுழையாத பெயர்கள் வைத்திருந்தார். குழந்தைகளுக்குக் கஷ்டமான உச்சரிப்பு பழகட்டும் என்றுதானாம். வயதான பிறகு, கோடைக்கு எடுத்த வாடகை வீட்டில் பூனைக்குட்டிகளையும் சீசனுக்கு வாடகைக்கு எடுத்தார். 1880 வாக்கில் சூஸிக்கும் அவள் தங்கை கிளாராவுக்கும் ராத்திரியில் சொல்ல ஒரு பூனைக்கதையை எழுதினார். படமும் அவரே வரைந்தார். நீளநீளமான வார்த்தைகளாக அடுக்கி, குழந்தைகள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு மடக்குகிற கதை.

தலைமுடியிலிருந்து வெள்ளை சூட் வரை தன்னைப் பற்றிய அத்தனையையும் சந்தைக்குக் கொண்டுவந்த மனுஷர் அவர். கைவசம் சொந்தப் பதிப்பகம், ஏஜெண்ட் படை எல்லாம் இருந்தன. அந்தப் பூனைக்கதை மட்டும் அவர் இருந்தவரை அச்சேறவில்லை. அவர் 1910-ல் இறந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் வெளியே வந்தது.

அதில் எந்த வரியையும் யாரும் பருமனுக்காக வெட்டவில்லை.